பழைய ஹூவருக்கு ஒரிஜினல் சாமானா, டூப்ளிகேற்றா?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மம்மா வீட்டுப் பின்னறையில் பழைய ஹூவர் ஜூனியர் வாக்யூம் கிளீனர் ஒன்று கிடக்கிறதாம். பெரியமாமா 1970களில் லண்டனில் வாங்கி, ஊர் திரும்பியபோது கப்பலில் போட்டு அனுப்பியது. பெல்ற் அறுந்துபோயிற்று, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, துணிப்பையில் ஓட்டை, வயர் வெடித்துக் கிடக்கிறது. லண்டனில் உள்ள மச்சான் "ஒரிஜினல் சாமான் தேடி அனுப்புறன், வேறை ஒண்டும் போடாதை" என்கிறார். யாழ்ப்பாணத்துக் கடைக்காரரோ "உதுக்கெல்லாம் ஏன் லண்டன், இஞ்சையே ஒத்துவாற சாமான் போட்டுத் தாறன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் பாதிப்பாதி கேளுங்கள். மெசின் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது, ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் யோசிப்பேன்: இது பழுதானால் தான் மட்டும் போகுமா, இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போகுமா? தான் மட்டும் போகிற சாமான் என்றால் கையில் கிடைக்கிற மலிவானதைப் போடலாம். இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போகிறது என்றால் அங்கே காசைப் பார்க்கக் கூடாது, அவசரமும் படக் கூடாது.

நான் தண்ணீர்ப் பம்பு மோட்டரும் மிக்சியும் மின்விசிறியும் திருத்திப் பிழைக்கிறவன். தும்புத்தடியும் ஈர்க்கு விளக்குமாறும் இருக்கிற ஊரில் வாக்யூம் கிளீனர் அதிகம் வராது. வருகிறதெல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்த பழசுகள். ஆனபடியால் இந்தக் கேள்விக்கு நான் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன், சில தடவை பிழையாகவும் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் சொல்கிற "ஒரிஜினல்" என்ற சொல்லை முதலில் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உங்கள் ஜூனியர் காலத்தில் இங்கிலாந்து ஹூவரின் பெரிய தொழிற்சாலை மேற்கு லண்டனில் பெரிவேலில் இருந்தது. அது 1982-இல் மூடப்பட்டது. வெள்ளை நிறத்தில் மாளிகைபோல் நிற்கும் அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தில் இப்போது டெஸ்கோ கடை இருக்கிறது. மச்சான் அங்கே சாமான் வாங்கப் போயிருந்தாலும் போயிருப்பார். ஐரோப்பாவின் ஹூவர் 1995-இல் இத்தாலியின் கேன்டி கொம்பனியிடம் போனது, பிறகு 2019-இல் கேன்டியையே சீனாவின் ஹயர் வாங்கிவிட்டது. வட அமெரிக்காவின் ஹூவர் 2007 முதல் வேறு ஒரு கொம்பனியின் கையில். எலெக்ட்ரோலக்ஸ் கதை இதைவிடச் சிக்கல். சுவீடன் கொம்பனி தன் அமெரிக்கக் கிளையின் பங்கை 1968-இல் விற்றுவிட்டது. ஒரே பெயரில் இரண்டு கொம்பனி முப்பது வருடத்துக்குமேல் நடந்தது. 2000-இல் சுவீடன்காரர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள, மற்றவர் ஏரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். ரொறன்ரோவில் இருந்து வந்த பழைய எலெக்ட்ரோலக்ஸுக்கு இன்றைய எலெக்ட்ரோலக்ஸ் கடையில் பை கேட்டால், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆகவே பெட்டியில் ஹூவர் என்று அடித்திருப்பதால் மட்டும் அது உங்கள் மெசினைச் செய்தவர்கள் செய்த சாமான் ஆகிவிடாது. உண்மையான ஒரிஜினல் என்றால் அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் எங்கோ ஒரு கடையின் மேல்தட்டில் கிடந்ததுதான். அதில் சில தங்கம், சில குப்பை. எது தங்கம், எது குப்பை என்பது பெரும்பாலும் அது எதால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. செம்பு, பித்தளை, வார்ப்பு அலுமினியம், பேக்லைட் எல்லாம் ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தாலும் அப்படியே இருக்கும். றப்பர் இருக்காது.

பெல்ற்றில் இருந்து தொடங்குவோம். ஐம்பது வருடப் பழைய ஒரிஜினல் பெல்ற்றை மச்சான் ஆசையோடு அனுப்பினால், வாங்கி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழைபோல் வெடிப்புத் தெரிந்தால், அது போட்ட அன்றே அறும். பெல்ற்றைப் பொறுத்தவரை புதிதாகச் செய்த டூப்ளிகேற்தான் நல்லது, அளவு சரியாக இருந்தால். இந்த "அளவு சரியாக இருந்தால்" என்பதில்தான் ஆட்கள் விழுவது. பழைய பெல்ற்றை அளந்து அதே அளவில் வாங்குவார்கள். பழையது இழுபட்டு நீண்டிருக்கும், அதே நீளத்தில் புதியது போட்டால் தொடக்கத்திலேயே தொளதொளக்கும். மொடல் நம்பரைச் சொல்லி வாங்குவதே வழி. நம்பர் அடித்தட்டிலோ பின்பக்கத் தகட்டிலோ இருக்கும், பழைய புழுதியைத் துடைத்தால் தெரியும்.

தொளதொளத்தால் பரவாயில்லை, பிரஷ் உருளை சுற்றாது, அவ்வளவுதான். இறுக்கமாகவோ தடிப்பாகவோ இருந்தால்தான் ஆபத்து. ஒருமுறை கண்ணளவில் பார்த்து ஒரு தடித்த பெல்ற்றை ஒரு ஜூனியருக்குப் போட்டேன். சுற்றும்போது ஒரு உறுமல் கேட்டது, "புதுசுதானே, பழகிவிடும்" என்று விட்டுவிட்டேன். இரண்டு கிழமையில் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். உருளையின் முனையில் இருந்த புஷ், அதாவது அச்சைத் தாங்குகிற வளையம், முட்டைவடிவில் தேய்ந்து, உருளை ஆடிக்கொண்டிருந்தது. பெல்ற் தேநீர்க் காசுக்கு வாங்கியது. புஷ்ஷைப் பித்தளையில் லேத்தில் கடைந்து போட ஒரு நாள் போயிற்று. அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான்: பெல்ற் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுவேன், பிளக்கைக் கழற்றிவிட்டு உருளையின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த பெல்ற்றைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது கார்பன் பிரஷ். எனக்குக் கேட்டால் முழு மெசினிலும் இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சாமான் சிறியது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கரித்துண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். ஆனால் அது உரசிக்கொண்டிருப்பது கொமியூற்றேற்றரை, அதாவது மோட்டருக்குள் சுற்றுகிற ஆர்மெச்சரின் முனையில் செப்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உருளையை. கார்பன் தேய்ந்தால் மாற்றலாம். அந்தச் செப்பு தேய்ந்தால் மாற்றுவதற்கு ஆர்மெச்சர் எங்கே இருக்கிறது? லண்டனிலும் இல்லை, யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளிலும் இல்லை. கார்பன் மென்மையாக இருந்து தான் தேய வேண்டும், செப்பைத் தேய்க்கக் கூடாது. அதுதான் அதன் வேலை.

இங்கே கடையில் கிடைக்கிற கார்பன் பெரும்பாலும் கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் செய்தவை. அளவைப் பார்த்து, கொஞ்சம் பெரிதாக இருந்தால் உரசிக் குறைத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பருத்தித்துறையில் இருந்து வந்த ஒரு பழைய எலெக்ட்ரோலக்ஸுக்குக் கிரைண்டர் கார்பனைக் கண்ணாடித் தகட்டில் அரத்தாள் வைத்து உரசி, கச்சிதமாகப் பொருத்தினேன். ஓடியது, வடிவாக ஓடியது. மூன்று மாதத்தில் "கிர்" என்ற சத்தத்தோடும் கருகல் மணத்தோடும் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் செப்பில் கார்பனின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால். கிரைண்டர் கார்பன் கடினமானது, வேறு வேலைக்குச் செய்தது. கடற்கரைக்காற்றின் உப்பும் தன் பங்குக்குச் செய்திருக்கும். லேத்தில் பிடித்து மெல்லிசாகக் கடைந்து, தகடுகளுக்கு இடையில் இருக்கிற மைக்காவை உடைந்த வாள் பிளேட்டால் கீறித் தாழ்த்தி, திரும்ப ஓடவைத்தேன். அப்படிக் கடைவது ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. பிறகு கடைவதற்குச் செப்பு இருக்காது.

ஆகவே கார்பனுக்கு மச்சானைக் கேளுங்கள். பழைய ஒரிஜினல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கார்பன் பெட்டிக்குள் இருந்து கெடாது, ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரிஜினல் இல்லையென்றால், வாக்யூம் கிளீனர் மோட்டருக்கென்றே செய்த டூப்ளிகேற் கார்பன் வாங்கலாம். அளவு ஒரு அரை மில்லிமீற்றர் கூடியிருந்தால் உரசிக் குறைக்கலாம், குறைந்திருந்தால் வேண்டாம், கூட்டுக்குள் ஆடி ஆடிப் பொறி பறக்கும். போட்ட பிறகு மெல்லிய அரத்தாள் துண்டைச் செப்பைச் சுற்றி, அரம் வெளிப்பக்கம் இருக்க வைத்து, ஆர்மெச்சரைக் கையால் திருப்பினால் கார்பனின் முகம் செப்பின் வளைவுக்கு வரும். தூளை ஊதித் தள்ளிவிடுங்கள். ஓடும்போது கார்பனடியில் சின்ன நீலப் பொறி தெரிவது வழமை. செப்பைச் சுற்றி நெருப்பு வளையம்போல் ஓடினால் உடனே நிறுத்த வேண்டும்.

பெயாரிங் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பந்து பெயாரிங் உள்ள மோட்டர் என்றால் அதன் நம்பர் உடம்பிலேயே இருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர், உலகம் முழுக்க அதே அளவு. வாக்யூம் கிளீனர்க் கொம்பனிகள் பெயாரிங்கைத் தாமே செய்ததில்லை, வாங்கித்தான் போட்டார்கள். நல்ல பெயருள்ள பெயாரிங்கைக் கடையில் வாங்கிப் போடுங்கள், அது ஒரிஜினலுக்குச் சமம். பெட்டியில் பெயர் இல்லாதது வேண்டாம், இந்த மோட்டர் சுற்றுகிற வேகத்துக்கு அது தாங்காது. பெயாரிங் இல்லாமல் புஷ்ஷும் எண்ணெய் ஊறிய கம்பளித் திரியும் உள்ள பழசுகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். விட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள், பசைபோல் இறுகிக் கிடக்கும்.

இனி ஒரிஜினலே கூடாத இடத்துக்கு வருவோம். வயர், பிளக், சுவிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கொண்டென்சர் (கப்பாசிற்றர்). இவை மூன்றிலும் பழமைப் பாசம் வேண்டாம். பழைய வயரின் றப்பர் உறை உள்ளுக்குள் மாவாய் உதிர்ந்திருக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. நிறத்தையும் கவனியுங்கள்: இங்கிலாந்தில் 1970-க்கு முன்பு வந்த வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது மண்ணிறம், நீலம், பச்சையில் மஞ்சள் கோடு. மாற்றும்போது இரண்டையும் குழப்பினால் விளையாட்டில்லை. வெளிஉடம்பு உலோகம் என்றால் எர்த் கட்டாயம் வேண்டும், மூன்று வயர் போடுங்கள். தகட்டில் இரட்டைக் காப்பைக் காட்டும் சதுரத்துக்குள் சதுரம் அடித்திருந்தால் மட்டும் இரண்டு வயர் போதும். பிளக் 13 அம்பியர் சதுரமுனை என்றால் உள்ளே இருக்கிற பியூஸைக் கழற்றிப் பாருங்கள். இப்படிச் சின்ன மோட்டருக்கு 5 அம்பியர் போதும், 13 போட்டால் வயர்தான் பியூஸ் ஆகும். பழைய கொண்டென்சர் கடதாசியால் செய்தது, ஈரம் குடித்திருக்கும், ஒருநாள் படார் என்று வெடித்து வீடு முழுக்கப் புகைக்கும். மெயின் மின்சாரத்துக்கென்று செய்த எக்ஸ்2 வகையில், அதே மைக்ரோபரட் அளவில் புதியது போடுங்கள். மச்சான் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பைக்கு வருவோம். இங்கே உங்கள் மெசினின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூனியர்போல நிமிர்ந்து நிற்கிற பழசுகளில் புழுதிக்காற்று முதலில் விசிறிக்குள் போய், பிறகுதான் பைக்குள் போகும். பை எப்படி இருந்தாலும் மோட்டருக்குப் பெரிய தீங்கில்லை, வீட்டுக்குள் புழுதி பறக்கும், அவ்வளவே. அதற்குத் தையல்காரரிடம் கொடுத்து இறுக்கமாக நெய்த துணியில் ஒரு பை தைத்தாலே போதும். துணியை வெயிலில் பிடித்துப் பாருங்கள், நெசவுக்கு நடுவே ஒளிப்புள்ளி தெரிந்தால் கோண்டாவில் செம்பாட்டு மண் அதற்குள்ளால் மாவுபோல வந்துவிடும். ஆனால் எலெக்ட்ரோலக்ஸ்போலப் படுத்துக் கிடக்கும் உருளை மெசினில் நடப்பது வேறு. அங்கே காற்று முதலில் பைக்குள் போய்ப் புழுதியை விட்டுவிட்டு, பிறகு மோட்டருக்குள்ளால் போகிறது. மோட்டர் குளிர்வதும் அந்தக் காற்றால்தான். பை கிழிந்தால் செம்மண் நேரே மோட்டருக்குள். பை அடைத்துக்கொண்டால் காற்று இல்லாமல் மோட்டர் வேகும். அப்படிப்பட்ட மெசினுக்குப் பையிலும் மோட்டருக்கு முன்னால் இருக்கிற பில்ரரிலும் காசு மிச்சம்பிடிக்காதீர்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்பதில்லை. இப்போது வருகிற செயற்கைநார்ப் பைகள் பழைய கடதாசிப் பையைவிட நுண்மண்ணை நன்றாகப் பிடிக்கின்றன. வாய்ப்பக்கத்து அட்டையும் றப்பர் வளையமும் கச்சிதமாகப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பொருந்தாத நல்ல பை, பை இல்லாததற்குச் சமம்.

ஓஸ், குழாய், தலை இவற்றுக்கு எது பொருந்துகிறதோ அது. காற்றுக் கசியாமல் இருந்தால் சரி. பிவிசிப் பைப் துண்டால் செய்த அடப்டரோடு ஓடுகிற மெசின்களை நான் பார்த்திருக்கிறேன், செய்தும் கொடுத்திருக்கிறேன். ஏ40 காரையும் மொறிஸ் மைனரையும் இத்தனை வருடம் ஓட்டிக்காட்டிய ஊருக்கு இதெல்லாம் பெரிய வேலையா?

பிரஷ் உருளையில் இருக்கிற மயிர்ப்பட்டி தேய்ந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்துப் பனந்தும்பு ஒருகாலத்தில் பிரஷ் செய்யக் கப்பலேறிப் போன சாமான், அதை ஏன் இதில் வைத்துக் கட்டக் கூடாது என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. கட்டினேன். கம்பளத்தைப் பிறாண்டி, ஒரு கிழமையில் தும்பு முறிந்து விசிறிக்குள் போயிற்று. மயிர்ப்பட்டிக்கு லண்டன்தான்.

அறையில் எத்தனை வருடம் கிடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. 1990-க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போன காலத்தில் அறைக்குள் போய்ப் பிறகு வெளியே வராத மெசின்கள் இங்கே நிறைய. அப்படியானது என்றால், சாமான் எல்லாம் வந்த உடனே பிளக்கில் குத்தாதீர்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துக் காயவிடுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள், கிறீஸ் மெழுகாகியிருந்தால் இறுகும். மெகர் (மின்கசிவு பார்க்கிற மீற்றர்) வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்து வயருக்கும் உடம்புக்கும் இடையில் பார்த்தால் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். அப்புறம் முதல் ஓட்டத்துக்கு 100 வாற் பழைய குண்டு பல்ப் ஒன்றை லைவ் வயரில் சீரியலாகப் போட்டு ஓடவிடுங்கள். பல்ப் எரிந்து, மோட்டர் மெல்லச் சுற்றத் தொடங்கும்போது ஒளி கொஞ்சம் மங்கினால் நல்ல செய்தி. மோட்டர் அசையாமல் பல்ப் மட்டும் பளிச்சென்று எரிந்தால் உள்ளே இறுகியிருக்கிறது, இல்லாவிட்டால் ஷோர்ட். பல்ப் எரியவே இல்லையென்றால் கார்பன் செப்பில் தொடவில்லை, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

லண்டன் மெசின் 240 வோல்ற், நம்முடையது 230, அதில் பிரச்சினை இல்லை. இதை வாசிக்கிற வேறு யாரிடமாவது கனடா மெசின் இருந்தால் அது 120 வோல்ற். மோட்டர் 50 ஹேர்ட்ஸில் ஓடும், ஆனால் வோல்ற்றை இறக்க ட்ரான்ஸ்போமர் வேண்டும். தகட்டில் 10 அம்பியர் என்றிருந்தால் 1200 வாற். அதற்கு 1500 வாற்றுக்குக் குறையாத ட்ரான்ஸ்போமர் பெட்டி வேண்டும். மேசையில் வைக்கிற சின்னப் பெட்டியைப் போட்டால் எது ஒரிஜினல் எது டூப்ளிகேற் என்று யோசிக்க அவசியமே இருக்காது.

ஆக, மச்சானுக்கு அனுப்ப வேண்டிய பட்டியல் சின்னது: மொடல் நம்பர், அதற்குரிய கார்பன் பிரஷ் இரண்டு சோடி, மயிர்ப்பட்டி, புதிதாகச் செய்த பெல்ற் மூன்று. எல்லாம் சேர்ந்து ஒரு சவர்க்காரக் கட்டியின் பாரம்கூட வராது. பார்சல் கூலி கொடுத்து எடுக்காதீர்கள், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். வயர், பிளக், கொண்டென்சர், பெயாரிங் எல்லாம் இங்கே எடுக்கலாம், பையைத் தையுங்கள்.

கழற்றுகிற பழைய சாமானை எறியாதீர்கள். தேய்ந்த கார்பனும் அறுந்த பெல்ற்றும்தான் அடுத்தமுறை அளவு பார்க்க உதவும். நான் ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு, ஒவ்வொன்றிலும் மொடல் நம்பரைத் துண்டில் எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் அதை ஒருமுறையாவது ஆசையோடு திறந்து பார்த்திருக்கிறார்கள்.